14ஆம் தலைப்பில் காணாமல் போன கருத்து: கட்டட உயர விதிக்கான கருத்துக்கேட்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவிலான ஒரு நகரம். அதன் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் கட்டடங்களின் உயரத்தையும் அடர்த்தியையும் கூட்டுவதற்கு வரைவு விதிகள் தயாராயின. அவற்றின் மீது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்துத் தரும் வேலை எங்கள் சிறு குழுவிடம் வந்தது. கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது, வந்த கருத்துகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பது, அறிக்கை எழுதுவது ஆகியவை என் பொறுப்பு. ஊர்ப் பெயரோ ஆட்பெயரோ இதில் வராது. மனையின் அளவுகளையும் கணக்குகளையும் மட்டும் விரிவாகவே கொடுக்கிறேன். நாங்கள் சறுக்கியது அவற்றில்தான்.

அங்கே மனைகள் குறுகலானவை. பெரும்பாலும் 10 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம். பழைய விதிப்படி 12 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. கட்டட அடர்த்தியின் அளவான தளப்பரப்புக் குறியீடு 1.5. ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, வேலையும் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது, வீடுதான் கிடைப்பதில்லை. இளம் குடும்பங்கள் நகரத்தின் விளிம்புக்குக் குடிபோய், அங்கிருந்து தினமும் இங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தன. ஏற்கெனவே சாலையும் ரயிலும் உள்ள இடத்தில் கூடுதல் வீடுகள் வரட்டும் என்று நகர மன்றம் நினைத்தது. அந்த நோக்கத்தில் எனக்கு அன்றும் மறுப்பில்லை, இன்றும் இல்லை.

வரைவில் இருந்தவை

சாரம் இரண்டே வரி. உயரம் 12 மீட்டரிலிருந்து 21 மீட்டர் ஆகும். தளப்பரப்புக் குறியீடு 1.5லிருந்து 2.5 ஆகும். மற்ற விதிகளில் மாற்றமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நாங்கள் எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

தளப்பரப்புக் குறியீடு என்பது எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். 240 சதுர மீட்டர் மனையில் 2.5 என்றால் 600 சதுர மீட்டர் வரை கட்டலாம். எத்தனை மாடி என்பதை இந்த எண் சொல்லாது. மனையில் பாதியை மூடினால் ஐந்து தளம் வரும், கால் பங்கை மட்டும் மூடினால் பத்துத் தளம் வரும். இதைப் புரியவைக்க எங்களுக்குக் கைகொடுத்தது காகிதமும் கத்தரிக்கோலும்தான். ஒரே அளவில் இரண்டரைத் தாளை எடுத்து, முதலில் அப்படியே அடுக்கிக் காட்டினோம். பிறகு பாதி பாதியாக நறுக்கி அடுக்கினோம், அப்புறம் கால் காலாக. காகிதம் அதேதான், உயரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. "சரி, அப்போ உயரம் வேற, நெருக்கம் வேற" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். எங்கள் விளக்கக் கையேட்டில் நான்கு பக்கம் இதைப் பற்றி இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் காகித விளையாட்டு இரண்டாம் சுற்றில்தான் நடந்தது. முதல் கூட்டத்துக்கு நாங்கள் கொண்டுபோனது ஒரு வண்ணப் படம்.

முதல் கூட்டம்

அறிவிப்பு வெளியானதிலிருந்து 30 நாள் அவகாசம். பன்னிரண்டாம் நாள் மாலை கூட்டம். நூறு பேருக்கு மேல் வந்தார்கள்; நாற்காலி பற்றாமல் சுவரோரமாகவும் நின்றார்கள். நுழையும் இடத்தில் வைத்திருந்த படிவத்தில் முதல் கேள்வி: "21 மீட்டர் உயரத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" இந்தக் கேள்வியை எழுதியவன் நானே. எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று எழுதினேன்.

திரையில் காட்டிய வண்ணப் படத்தில் புதுக் கட்டடங்கள் வெளுத்த நிறத்தில் பின்னால் ஒதுங்கியிருந்தன, மரங்கள் ஐந்தாவது மாடி வரை வளர்ந்திருந்தன. "இந்த மரம் எப்ப வெச்சது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு திரையில் நாங்கள் காட்டிய எதையும் யாரும் நம்பவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு வயதான அம்மா எழுந்து, "என் மொட்டை மாடிக்கு இப்போ சாயங்காலம் வரைக்கும் வெயில் இருக்கு. பின்னாடி மனையில ஏழு மாடி வந்தா எத்தனை மணிக்குப் போயிடும், தம்பி?" என்று கேட்டார். நேரடியான கேள்வி. கணக்குப் போட்டுச் சொல்லிவிடக்கூடியது. மேடையில் இருந்த நான்கு பேரில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. "உங்கள் கவலையைக் குறித்துக்கொள்கிறோம்" என்று ஓர் அதிகாரி சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை. மூன்று நிமிடம் முடிந்து மணி அடிக்கும் வரை பேசாமல் நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் முடியும் தறுவாயில், சின்ன வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒருவர் பேசினார். "உயரத்தை எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. வண்டி நிறுத்துற கணக்கு அப்படியே இருந்தா இந்த மனைகள்ல ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. எங்கள் குறிப்பேட்டில் அவர் பேச்சு "வாகன நிறுத்தம் பற்றிக் கவலை" என்று பதிவானது. அவருக்கு முன்னால் பேசியவர்களில் பலரும் வாகன நிறுத்தத்தைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள்: தெருவில் வண்டி விட இடமில்லை, இன்னும் வீடு வந்தால் என்ன ஆகும் என்று. நான் இரண்டையும் ஒரே கட்டுக்குள் போட்டேன். எங்கள் அட்டவணையில் அது 14ஆம் தலைப்பு.

கவனித்தவை

முதல் சுற்றுப் படிவங்களில் பெரும்பான்மை எதிர்ப்பு. ஏன் என்று எழுதச் சொன்ன இடத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. எழுதியவர்களின் காரணங்களோ 21 என்ற எண்ணோடு நேரடியாக ஒட்டவில்லை. நிழல், பக்கத்து வீட்டு ஜன்னல் நம் முற்றத்தைப் பார்ப்பது, கழிவுநீர்க் குழாய் தாங்குமா என்ற சந்தேகம், தெரு நெரிசல், பல வருடம் நடக்கப்போகும் கட்டுமானச் சத்தம். 21ஐ 18 ஆக்கினால் இவற்றில் எதுவும் தீராது. 21ஐ அப்படியே விட்டு, கட்டடத்தின் வடிவத்தை மாற்றினால் சில தீரும். நாங்கள் கேட்ட கேள்விக்கும் அவர்கள் மனத்தில் இருந்ததற்கும் தொடர்பே இல்லை.

வருகைப் பதிவேட்டில் "சொந்த வீடா, வாடகையா" என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். ஏறத்தாழ எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். அந்தப் பகுதியில் பாதிப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விஷயமல்ல. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ்டனைச் சுற்றிய 97 ஊர்களின் திட்டமிடல் கூட்டக் குறிப்புகளைப் படித்து 2019இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதே முகங்கள்தான்: பேசியவர்களில் வயது கூடியவர்கள், ஆண்கள், நீண்டகாலக் குடியிருப்பாளர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கை விட அதிகம். புதுக் குடியிருப்புகளை ஆதரித்துப் பேசியவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. புது வீட்டில் நாளைக்குக் குடிவரப்போகிறவர் இன்று வேறு ஊரில் இருக்கிறார், கூட்டம் நடப்பதே அவருக்குத் தெரியாது. வந்தவர்களைக் குறை சொல்லி இதில் பயனில்லை. அவர்கள் மாலை நேரத்தை ஒதுக்கி வந்து, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு அவகாசத்தை 60 நாள் நீட்டிப்பது. குழுவுக்குள் இதில் சண்டையே வந்தது. நீட்டித்தால் எதிர்ப்புக்குப் பயந்துவிட்டோம் என்று ஆகிவிடும் என்றார் ஒரு மூத்த அதிகாரி. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அறிக்கை எழுத முடியாது என்பது என் பக்கம். கடைசியில் சட்டப் பிரிவு சொன்ன ஒரு காரணம்தான் எடுபட்டது: கேட்டதாகச் சொல்லிக்கொண்டு பதிலே தராத கருத்துக்கேட்பை நீதிமன்றத்தில் தற்காப்பது கஷ்டம். நியாயத்துக்காக நீட்டித்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல.

இரண்டாவது, ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வியைத் தூக்கிவிட்டு, "உங்கள் வீட்டிலிருந்து பார்க்கும்போது எது மாறும்? அதில் எது பரவாயில்லை, எது கூடாது?" என்று கேட்டோம். எண்ணுவது பாடாக இருந்தது. ஆனால் படிக்க ஏதோ இருந்தது.

மூன்றாவது, கூட்டத்துக்கு ஆள் வரட்டும் என்று காத்திராமல் ஆள் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போனோம். மாலை ஆறு மணிக்கு ரயில் நிலைய வாசல், காலையில் பள்ளி வாசல், சனிக்கிழமை வாடகைக் குடியிருப்புகளின் படிக்கட்டு. ரயில் நிலைய வாசலில் நின்ற மூன்று மாலைகளில் கிடைத்த கருத்துகளின் நிறமே வேறு. "இங்கேயே வீடு கிடைச்சா எதுக்கு இவ்வளவு தூரம் போறேன்?" என்று ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே ஒரு பெண் சொன்னார். படிவத்தை வாங்க நேரமில்லாததால் அவர் சொன்னதை நாங்களே எழுதிக்கொண்டோம். இப்படி எழுதியதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பிறகு ஒரு தகராறு வந்தது. தனிக் குறியிட்டுச் சேர்த்தோம்.

நான்காவது, காட்டும் முறை. வண்ணப் படத்தை மூட்டைகட்டினோம்.

பலூன்

21 மீட்டர் என்றால் எவ்வளவு என்பது பெரும்பாலானோருக்குக் கண்ணில் படியாது. எனக்கும் படியாது. ஆகவே நிலைய சாலைக்கு அருகே காலி மனை ஒன்றில் இரண்டு பலூன்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டோம்: 12 மீட்டரில் வெள்ளை, 21 மீட்டரில் சிவப்பு. சுற்றியிருந்தவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் பார்த்து, ஒரு தாளில் குறித்துத் தரலாம்.

முதல் முறை சொதப்பியது. மதியம் காற்று வீசி, சிவப்புப் பலூன் சாய்ந்துகொண்டே போனது. கயிறு நிமிர்வாக இல்லாமல் 30 பாகை சாய்ந்தால் 21 மீட்டர் கயிற்றின் நுனி 18 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர் இதை அந்த இடத்திலேயே கணக்குப் போட்டு, "உயரத்தைக் குறைச்சுக் காட்டுறீங்க" என்றார். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நாங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மறுவாரம் காற்று அடங்கியிருக்கும் விடிகாலை ஆறு மணிக்கு மறுபடி செய்தோம். அந்த ஆசிரியரையே கயிற்றின் நீளத்தை அளக்கச் சொன்னோம். அவர் அளந்து தலையாட்டிய பிறகு யாரும் அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை.

நிழலுக்குத் தனிக் கணக்கு. சூரியன் தொடுவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழலும் கட்டடமும் ஒரே நீளம். 30 பாகைக்கு இறங்கினால் 12 மீட்டர் கட்டடத்தின் நிழல் ஏறத்தாழ 21 மீட்டர் நீளும், 21 மீட்டர் கட்டடத்தின் நிழல் 36 மீட்டர். 20 பாகையில் அது 33 மீட்டர், 58 மீட்டர் என்று ஆகிவிடும். மாலையில் சின்னக் கட்டடமும் நீண்ட நிழல் போடும் என்பதால், வித்தியாசம் உறைப்பது முற்பகலிலும் பிற்பகல் நடுவிலும்தான். மொட்டை மாடி வெயிலைப் பற்றிக் கேட்ட அம்மாவின் வீட்டுக்கு, மாதத்துக்கு ஒரு நாள் என்று பன்னிரண்டு நாள்களுக்கு நேரம் போட்ட ஒரே ஒரு தாளைத் தயாரித்தோம். இப்போது வெயில் போகும் நேரம் ஒரு வரிசை, வரைவுப்படி கட்டினால் போகும் நேரம் இன்னொரு வரிசை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஒண்ணரை மணி நேரம்" என்றார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. அந்தத் தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம்.

கழிவுநீர்க் குழாய் விஷயம் சுருக்கமாக முடிந்தது. பொறியாளர்கள் அளந்து பார்த்ததில் தெருக் குழாய்கள் தாங்கும், அவை சேரும் பிரதானக் குழாயின் ஒரு பகுதி தாங்காது என்று தெரிந்தது. அதை மாற்றி முடித்த பிறகே அந்தத் தெருக்களுக்கு புதிய உயரத்தில் அனுமதி என்று நிபந்தனை சேர்ந்தது.

திருத்திய வரைவு

உயரத்தைக் குறைப்பதா என்று பேசினோம். பலூன் தாள்களைப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: தெரு முகப்பில் 21 மீட்டர் நின்றால் பெரும்பாலானோருக்குப் பெரிய மனக்குறை இல்லை, பின்பக்க எல்லையில் நிற்பதுதான் உறுத்தியது. அதனால் எண்ணை விட்டுவிட்டுக் கோணத்துக்குப் போனோம். பின் எல்லையிலிருந்து 6 மீட்டர் வரை 12 மீட்டர் உயரம் மட்டும். அதைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டர் உயரம் கூடலாம், 21 மீட்டர் வரை.

இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க்கில் 1915இல் எக்விடபிள் கட்டடம் மனையை ஓரம்வரை அடைத்து 38 மாடி நேராக எழுந்தது. அதன் தளப்பரப்பு மனையைப் போலச் சுமார் 30 மடங்கு. அதன் நிழலில் அகப்பட்ட தெருக்களின் எரிச்சலும் சேர்ந்து, 1916இல் அந்த நகரம் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. மேலே போகப்போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்றது. தளப்பரப்புக் குறியீடு அந்த விதிகளுக்குள் நுழைந்தது 1961இல்தான். ஜப்பான் 1976இல் ஒரு படி மேலே போய், பக்கத்து மனையில் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்பதையே விதியாக்கியது. அதையும் யோசித்தோம். சின்ன மனைக்காரர்கள் ஒவ்வொருவரும் நிழல் கணக்குக்கு ஆளைத் தேட வேண்டியிருக்கும் என்று கைவிட்டோம். கோணத்தை அளக்க ஓர் அளவுகோல் போதும்.

சின்ன மனைக்காரருக்கு இதனால் எவ்வளவு நட்டம்? கட்டத் தாளில் போட்டுப் பார்த்தோம். முன்னும் பின்னும் 3 மீட்டர், பக்கங்களில் ஒன்றரை மீட்டர் விட்டால் கட்டடத்தின் அடி 7 மீட்டருக்கு 18 மீட்டர், அதாவது 126 சதுர மீட்டர். தரைத்தளம் வாகனங்களுக்கு, அது கணக்கில் வராது. அதற்கு மேல் மூன்று தளம் முழுதாக, அப்புறம் 84, 63, 42 என்று சுருங்கும் மூன்று தளம். மொத்தம் 567 சதுர மீட்டர். வரைவு தருவதோ 600. 33 சதுர மீட்டரை விட்டுக்கொடுத்தால் பின்வீட்டுக்காரருக்கு ஆகாயம் கிடைக்கிறது. இந்தக் கணக்கைக் காட்டியதும் இரண்டு பக்கமும் இறங்கிவந்தன. அன்று மாலை எங்களுக்கு அவ்வளவு பெருமை. 126 சதுர மீட்டர் தரைத்தளம் "வாகனங்களுக்கு" என்று எழுதிய அதே கை, எத்தனை வாகனம் என்று எழுதவில்லை.

முதல் கூட்டம் நடந்து ஏழு மாதத்தில் விதி நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சிலரே.

அதன் பிறகு

ஒன்றரை ஆண்டு கழித்து, வந்த கட்டட விண்ணப்பங்களைப் பார்வையிட என்னையும் கூப்பிட்டார்கள். புதிய உயரத்தைக் கேட்டவை எல்லாமே இரண்டு மூன்று மனைகளை வாங்கி ஒன்றாக்கியவை. தனி மனைக்காரர்கள் போட்ட விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் நான்கு வீடுகள்தான் இருந்தன, பழைய விதியில் வந்திருக்கக்கூடிய அதே நான்கு. கட்டடம் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. கூடுதல் வீடுகளுக்காக வந்த விதி, அந்தப் பகுதியின் வழக்கமான மனையில் ஒரு வீட்டைக்கூடக் கூட்டவில்லை.

காரணத்தைத் தேடி நான் பழைய பெட்டியைத் திறந்தேன். 14ஆம் தலைப்புக் கட்டுக்குள், தெரு நெரிசல் பற்றிய புகார்களுக்கு நடுவே, அந்த வரைபடக்காரர் கொடுத்துவிட்டுப் போன தாள் இருந்தது. பென்சிலால் போட்ட தரைத்தளப் படம். ஓரத்தில் கணக்கு.

வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம் என்பது பழைய விதி. "மற்ற விதிகளில் மாற்றமில்லை" என்ற வரிக்குள் அது பத்திரமாக இருந்தது. ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் திருப்பி எடுக்க முன்னால் 6 மீட்டர் வழி வேண்டும். மொத்தம் 11 மீட்டர். மனையின் அகலமே 10 மீட்டர். சரி, வரிசையாக நிறுத்தலாம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 மீட்டர் நீளம். 18 மீட்டரில் மூன்று. முன்பக்க இடைவெளியில் குறுக்காக இன்னொன்றை இடுக்கலாம். படிக்கட்டை எங்கே தள்ளினாலும் நான்குக்கு மேல் போகாது. நான்கு கார் என்றால் நான்கு வீடு. 567 சதுர மீட்டரில் எண்பது சதுர மீட்டர் அளவில் ஏழு வீடு வரும். அதில் மூன்று வீடுகளைத் தரைத்தளம் தின்றுவிட்டது.

இரண்டு மனையைச் சேர்த்தால் கதையே வேறு. 20 மீட்டரில் பக்கங்கள் போக 17 மீட்டர் மிஞ்சும். இந்தப் பக்கம் 5, நடுவில் வழி 6, அந்தப் பக்கம் 5, ஆக 16 மீட்டர். இரண்டு வரிசை கார் கச்சிதமாக உட்காருகிறது. பெரிய மனைக்காரர்களுக்கு எங்கள் விதி வேலை செய்ததும், சின்ன மனைக்காரர்கள் பக்கத்து மனையோடு சேர்த்து விற்கத் தொடங்கியதும் அந்த ஒரு மீட்டர் மிச்சத்தால்தான். சொந்த மனையிலேயே இரண்டு வீடு கூட்டிக் கட்டி வாடகைக்கு விடலாம் என்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னது அவர்களிடம்தான்.

அந்தத் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தது: "உயரம் தடை இல்லை. 14 x எதுவும் மாறாவிட்டால் 4 வீடுதான்." அந்த "14 x" எதைக் குறிக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. எங்கள் தலைப்பு எண் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தற்செயலாக ஒத்துப்போனது, அவ்வளவுதான். ஆனாலும் பார்த்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகு விதி மீண்டும் திருத்தப்பட்டது: 300 சதுர மீட்டருக்குக் குறைவான மனைகளில் கட்டாய வாகன நிறுத்தம் நீக்கம், வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம். துணிச்சலான மாற்றம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இலேயே நகரம் முழுவதும் குறைந்தபட்ச வாகன நிறுத்த விதியை எடுத்துவிட்டது. அதே ஆண்டு மெக்சிகோ நகரம் குறைந்தபட்சத்தை நீக்கி உச்சவரம்பு வைத்தது. தெருவில் நிறுத்துவதைப் பற்றிய பயம் நியாயமானது என்பதால், குடியிருப்பாளர் அனுமதிச் சீட்டு முறையும் கூடவே வந்தது. இந்தத் திருத்தத்துக்கான கூட்டத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை. வரைபடக்காரர் வந்திருந்தார். அவர் தாளை நான் திருப்பிக் கொடுத்து, எங்கள் பக்கத் தவறைச் சொன்னேன். "பரவாயில்லீங்க, மூணு நிமிஷத்துல இதைச் சொல்லவும் முடியாது" என்றார். அதற்குள் அவருடைய வாடிக்கையாளர்களில் இருவர் மனையை விற்றுவிட்டிருந்தார்கள்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

கருத்துகளைத் தலைப்பால் மட்டும் பிரிக்க மாட்டேன். "வாகன நிறுத்தம்" என்பது பொருளைச் சொல்கிறது, கோரிக்கையைச் சொல்வதில்லை. ஒருவர் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் நீக்கச் சொல்கிறார். இருவரும் ஒரே எண்ணுக்குள் போய், அறிக்கையில் "இத்தனை பேர் வாகன நிறுத்தம் பற்றிக் கவலை தெரிவித்தனர்" என்று ஒன்றாக வெளியே வருகிறார்கள். இப்போது எங்கள் அட்டவணையில் தலைப்புக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது: கூட்டு, குறை, நீக்கு, வை, விளக்கு. அந்தக் கட்டம் நிரம்பாமல் தலைப்பு எழுதக் கூடாது. வேலை இரட்டிப்பாகிவிட்டது, புதிதாகச் சேருபவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

தாள், வரைபடம், கணக்கு என்று எதையாவது கையோடு கொண்டுவருபவருக்கு மூன்று நிமிட மணி கிடையாது. கூட்டம் முடிந்ததும் அவரோடு உட்கார ஓர் ஆள் தனியாக இருப்பார்.

எந்த விதியை மாற்றினாலும், வரைவை வெளியிடும் முன்பே அந்தப் பகுதியின் வழக்கமான மனை ஒன்றில் ஒரு கட்டடத்தை முழுதாக வரைந்து பார்க்க வேண்டும்: படிக்கட்டு, இடைவெளி, தண்ணீர்த் தொட்டி, வாகனம், தீயணைப்பு வழி எல்லாம் சேர்த்து. இதற்கு ஒரு நாள் போதும். ஏழு மாதத்தில் அந்த ஒரு நாளை நாங்கள் ஒதுக்கவில்லை. உயரத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஏதோ இருந்தது, அதனால் நாங்களும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பலூன், நிழல் தாள், நிலைய வாசல் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வேன். பலூனை மட்டும் விடிகாலையில்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு சமயம், மொட்டை மாடி வெயிலைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாவின் வீட்டுக்கும் போனேன். அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மனைகளைச் சேர்த்து ஒரு கட்டடம் எழும்பியிருந்தது, மேல் மாடிகள் படிப்படியாகப் பின்வாங்கியபடி. மாடிக் கதவின் உட்புறம் எங்கள் நிழல் தாள் ஒட்டியிருந்தது. வரைவின் முதல் வடிவத்துக்குப் போட்ட நேரங்கள் அவை; கோண விதிக்கு முந்தையவை. ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே பென்சிலால் அவரே வெயில் போகும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். நாங்கள் எழுதியிருந்ததைவிட அரை மணி நேரம் தாமதமாகத்தான் வெயில் போகிறது. "நீங்க சொன்னது தப்பு" என்றார். கோண விதியை விளக்க ஆரம்பித்தேன். "தெரியும். ஆனா தாள்ல இருக்கறதுதானே கணக்கு. மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து, அவருடைய பென்சிலை வாங்கி, பன்னிரண்டு நேரங்களையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.